கடைசி எண் இருபத்தாறு

மார்கழி 4, வெள்ளி

காலையில் பனி. வாசலில் கோழி தெரியவில்லை, சத்தம் மட்டும்.

நான் சொன்னது அத்தனையும் நடந்துவிட்டது. எழுதி வைக்கிறேன், பிற்பாடு யாரும் மறுக்கக் கூடாது. இந்த மலைக்கு நெட் வரும் என்றேன். வந்தது. நெட்காரர் ஜாபர் பாய் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு மலை இறங்குவார் என்றேன். இறங்கினார். மீதி வேலைக்கு என்னிடம்தான் வந்து நிற்பார்கள் என்றேன். அக்கா வந்து நின்றாள்.

விவரம். அக்கா மகள் பூங்கொடிக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை. ஆஸ்பத்திரி பில்களைக் கம்ப்யூட்டரில் சரிபார்ப்பது. பிரசவத்துக்கு வந்தவள் இன்னும் அக்கா வீட்டில்தான். குழந்தைக்குப் பதினோரு மாதம். புருஷன் லாரியில் வடக்கே போனால் வருவதற்கு மாதமாகும். வீட்டிலிருந்தே வேலை பார்க்கட்டும் என்று கம்பெனி இறங்கி வந்திருக்கிறது. ஆனால் திங்களிலிருந்து ஒரு வாரம் சோதனை. லைன் விட்டு விட்டு வந்தால் தை பிறந்ததும் சென்னை ஆபீசில் போய் உட்கார வேண்டும். குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஆகவே எல்லாம் இந்த நெட்டின் தலையில். நெட் என் தலையில்.

நோயாளிகள் விவரம் இருப்பதால் கம்பெனிக் கதவு யாருக்கும் திறக்காதாம். பதிவு செய்த ஒரே ஒரு ஐ.பி. எண்ணிலிருந்து வந்தால்தான் திறக்கும். சாதாரண லைனில் அந்த எண் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் மாறாத எண் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

ஜாபர் பாய் க.குறிச்சியிலிருந்து பைக்கில் வந்தார். அக்கா வீட்டு மாடியில் சிக்னல் வாங்கும் தட்டு. எதிர்மலை டவரைப் பார்த்து.

"ஒரு வெரக்கட வலது பக்கம் திருப்புங்க பாய்" என்றேன்.

"அதத்தாண்ணே பண்ணிக்கினு இருக்கேன்" என்றார்.

திருப்பினார். சிக்னல் நிறைய. ஒரு காலத்தில் திருவண்ணாமலையில் பாதி ஊருக்கு டிஷ் மாட்டியவன் நான். கை பழக்கம் போகுமா.

எண் விவரங்களைப் பாய் சொல்லச் சொல்ல நான் புரிந்துகொண்டது:

ஐ.பி. எண் — வீட்டுக் கதவு எண். நாலு துண்டு, நடுவில் புள்ளி.

மாஸ்க் — 255.255.255.0. இந்த எண்ணில் எதுவரை ஊர், எது வீடு என்று பிரித்துச் சொல்வது. முதல் மூன்று துண்டு ஊர். கடைசித் துண்டு வீடு.

கேட்வே — ஊரைவிட்டு வெளியே போக ஒரே வழி. நம் மலைக்கு அடிவாரச் சோதனைச்சாவடி போல. எந்த வண்டியும் அதைத் தாண்டித்தான் போகணும். அதன் கடைசி எண் 1.

டி.என்.எஸ். — பெயர் சொன்னால் எண் சொல்பவர். வெள்ளிமலை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் யார் பெயரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுகிறார்களே, அதே வேலை.

மற்றதெல்லாம் பாய் போட்டுவிட்டார். ஐ.பி. எண் போடும் கட்டம் மட்டும் காலி. பனி இறங்குவதற்குள் கிளம்பணும் என்று பைக்கை மிதித்தார்.

"நம்பர் ஆபீஸ்ல இருந்து சாயங்காலம் வாட்ஸ்அப்ல வரும்ணே. உங்களுக்கும் வரும், பூங்கொடி பாப்பாவுக்கும் வரும். வந்தத வந்த மாதிரியே அடிங்க. கடைசி நம்பர்தான் உசுரு."

"யார்கிட்ட சொல்ற பாய்?"

பூங்கொடி குழந்தைக்கு ஊசி போட வெள்ளிமலை போயிருந்தாள். எண் வந்தபோது விளக்கு வைக்கிற நேரம், கரண்டும் மங்கல். 203.0.113 என்று ஊர், அப்புறம் வீடு. அடித்தேன். ஒரே தடவை. திரும்பத் திரும்பப் பார்த்து அடிப்பது தன்மேல் நம்பிக்கை இல்லாதவர்கள் வேலை. நெட் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அக்கா போனில் முருகன் பாட்டு ஓடியது. மலையில் முதல் மாறாத எண். போட்டது நான்.

வீட்டுக்காரி சின்னப்பொண்ணு இரவுச் சோற்றின்போது பழைய பல்லவி. அடுத்த ஞாயிறு க.குறிச்சியில் இலவசக் கண் முகாமாம். என் பெயரையும் கொடுத்துவிட்டாளாம்.

"எதிர்மலையில கரடி நடந்தா எனக்குத் தெரியும். என் கண்ணுக்கு இன்னாடி?"

"கரடி தெரியுது. சோத்துல கல்லு தெரியல."

பிக்கப் ஓட்டுகிறவன் நான். கண்ணாடி மாட்டிய டிரைவரை நம்பி இந்த மலைப்பாதையில் யார் ஏறுவார்கள்? அவளுக்கு இதெல்லாம் புரியாது.

நாளை: பிக்கப் டயருக்குக் காற்று. உப்பு. சின்னப்பொண்ணு கேட்ட சீயக்காய்.


மார்கழி 5, சனி

பனி கம்மி. வெயில் சீக்கிரம்.

சீயக்காய் மறந்தது.

பூங்கொடி கம்பெனிக் கதவைத் தட்டிப் பார்த்தாள். திறக்கவில்லை. 'உங்கள் முகவரி பதிவில் இல்லை' என்று வருகிறதாம். அவள் சும்மா இருக்கிற ஆளா? எந்த எண்ணிலிருந்து போகிறோம் என்று காட்டும் பக்கம் ஒன்று இருக்கிறது. அதைத் திறந்தாள்.

"மாமா, இங்க வாங்க. பாய் எனக்கு அனுப்பனது கடைசியில 25. கம்பெனிக்கும் நான் 25னுதான் குடுத்தேன். இங்க 26னு வருது. எப்படி?"

அக்கா, சின்னப்பொண்ணு, பூங்கொடி, மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். இடுப்பில் இருந்த குழந்தையும்.

சொன்னேன். "வேணும்னுதான் மாத்தினேன்."

நேற்று இந்த நோட்டில் எழுதாமல் விட்டது இதுதான். சில விஷயங்கள் சொல்லக் கூடாதவை. ரிஷிவந்தியத்தில் கோயிலுக்குப் பின்தெருவில் ஒரு எண் ஜோசியர். வெள்ளைத் தாடி, நெஞ்சு வரைக்கும். போன மாதம் சவாரி போனபோது அவரைப் பார்த்தேன். நான் வாயைத் திறக்கும் முன்பே, "உன் கூடப் பொறந்தவ வீட்டுக்கு ஒரு நம்பர் வரப்போவுது. எட்டு வந்தா ஏத்துக்காத" என்றார். நெட் என்று நான் சொல்லவே இல்லை.

கூட்டிக் காட்டினேன். 203க்கு ஐந்து. 113க்கு ஐந்து. பத்து. 25க்கு ஏழு. பதினேழு. ஒன்றும் ஏழும் எட்டு. ஒன்று கூட்டி 26 போட்டால் பதினெட்டு, ஒன்பது.

அக்கா முகம் வெளுத்துவிட்டது. காரணம் உண்டு. அவள் மருமகன் முன்பு ஓட்டிய லாரி எண்ணும் கூட்டினால் எட்டு. அது உளுந்தூர்பேட்டை தாண்டிக் கவிழ்ந்தது. அவனுக்குத் தோள்பட்டை முறிந்தது.

பூங்கொடிக்குக் கோபம். "மாமா, இது இன்னா பைக் நம்பரா? புடிச்சத எடுத்துக்க? அவங்க குடுத்ததத்தான் போடணும்."

"ஓடுதா இல்லியா?"

"ஓடுது. அதான் பயமா இருக்கு."

"எட்டு வேணாம்" என்றாள் அக்கா. "எட்டுல உக்காந்து வேல பாக்கறதுன்னா புள்ளய நான் பாத்துக்க மாட்டேன். ஒரு தபா பட்டாச்சு."

அத்தோடு பேச்சு முடிந்தது. அக்கா குழந்தையைப் பார்த்துக்கொண்டால்தான் பூங்கொடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார முடியும். கம்பெனிக்கு எழுதினாள், எண் 26 என்று மாற்றிக்கொள்ளச் சொல்லி. திங்கள் காலை மாற்றுகிறோம், அடிக்கடி இப்படிக் கேட்கக் கூடாது என்று பதில். பாய்க்குச் சொல்லலாம் என்றாள். நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். இந்தச் சின்ன விஷயத்துக்கு அவரை எதற்குத் தொந்தரவு செய்வது?


மார்கழி 7, திங்கள்

பனி. மரவள்ளி ஏற்றினோம். பிக்கப் முழுக்க, மேலே தார்ப்பாய்.

கம்பெனிக் கதவு காலையில் திறந்தது. பூங்கொடி சிரித்தாள். ஒரு எண்ணைச் சரியாக வைத்தால் கதவு எப்படித் திறக்கிறது பார் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு மலை இறங்கினேன்.

அடிவாரத்தில் க.பாளையம் எடைமேடையில் வரிசை. ரோடு வரைக்கும் டிராக்டர். மேடைக்கும் ஜாபர் பாய் நெட்தான், அது வந்து வந்து போகிறதாம். எடை போட்டால் அது நெட்டில் ஜவ்வரிசி ஆலைக்குப் போய், அங்கிருந்து ரசீது வந்தால்தான் வண்டி நகர முடியும். மேடைக்காரர் கோவிந்தன் கம்ப்யூட்டரைக் கும்பிடாத குறை.

வரிசையில் நின்றவர்களிடம் விளக்கினேன். கடலில் காற்றழுத்தம் இருந்தால் எதிர்மலை டவர் லேசாகச் சாயும், கண்ணுக்குத் தெரியாது, நெட்டுக்குத் தெரியும். எல்லோரும் கேட்டார்கள். எங்கள் மலையில் மாறாத எண் வாங்கிப் போட்டவன் நான்தான் என்றும் சொன்னேன். ஒரு டிராக்டர்காரர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

"டிரைவர் அண்ணே, அவ்ளோ தெரிஞ்சா இத இன்னான்னு பாருங்களேன்" என்றார் கோவிந்தன்.

பார்த்தேன். பெட்டியை அணைத்துப் போடச் சொன்னேன். போட்டார். வந்துவிட்டது! மூன்று வண்டி நகர்ந்தது. என்னைக் கும்பிட்டார்கள்.

அந்த நேரம் பூங்கொடி போன். "மாமா, இப்ப நெட் போயிடுச்சு. காலையில இருந்து போறதும் வர்றதுமா இருக்கு. கம்பெனி மேடம் கூப்ட்டு கேக்கறாங்க. பெட்டிய அணைச்சுப் போடட்டுமா?"

"போடு" என்றேன்.

போட்டாள். வந்துவிட்டது என்றாள். இங்கே கோவிந்தன் "அய்யய்யோ, மறுபடியும் பூட்டுச்சு" என்று கத்தினார்.

டவர்தான். நான் சொன்னது சரி.

சுமை இறக்க இருட்டிவிட்டது. சீயக்காய் வாங்கினேன். உப்பு மறந்தது.


மார்கழி 8, செவ்வாய்

பனி, சாரல். சவாரி இரண்டு பேர் மட்டும். ஒருவர் சாமை மூட்டையோடு, அதற்கும் இடம் கொடு என்று சண்டை.

பூங்கொடி வீட்டில் நாள் முழுக்க நெட் விட்டு விட்டு. கம்பெனி மேடம் சொன்னாராம்: "நாளைக்கும் இப்படின்னா நான் எதுவும் செய்ய முடியாதும்மா. தை மாசம் இங்க வந்துடு." கெட்ட குரலில் சொல்லவில்லையாம். அதுதான் கஷ்டமாக இருந்ததாம்.

மதியம் மேடையில் இன்னொரு நடை. பூங்கொடி போனில் சொல்லச் சொல்ல ஒன்று கவனித்தேன். மேடை நெட் எழுந்தால் அக்கா வீட்டு நெட் படுக்கிறது. எங்களுடையது எழுந்தால் மேடை படுக்கிறது. ஒரே கிணற்றில் இரண்டு மோட்டார் போட்டது போல. இதை வேறு யாரும் கவனித்திருக்க முடியாது, இரண்டு இடத்திலும் இருப்பவன் நான் ஒருவன்தான்.

கவனித்ததை யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். நான் வந்தது தெரியாமல் சமையல்கட்டில் பேச்சு.

"பால் மறக்க வெக்கணும்னா எவ்ளோ நாள் ஆவும்மா?"

"வேப்பெண்ண தடவினா ரெண்டு நாள்ல மூஞ்ச திருப்பிக்கும். இன்னாத்துக்கு இப்பவே?"

"தைக்குள்ள பழக்கணும் இல்ல. திடீர்னு வுட்டுட்டுப் போனா அது ஏங்கிடும்."

கிண்ணம் எடுக்கிற சத்தம் கேட்டது.

வாசலோடு திரும்பி வந்துவிட்டேன். சின்னப்பொண்ணு ஏன் சாப்பிடவில்லை என்றாள். வழியில் போண்டா தின்றேன் என்றேன். தின்னவில்லை.


மார்கழி 9, புதன்

பனியே இல்லை. அடிவாரம் வரை தெளிவு.

ஜாபர் பாய்க்கு நானே போன் செய்தேன். எடைமேடையில் இருக்கிறேன், அங்கே வாருங்கள் என்றார். மேடையிலிருந்தும் மூன்று நாளாகப் புகாராம்.

போய்ச் சேர்ந்தபோது பாய் மேடைப் பெட்டி முன்னால் குந்தியிருந்தார். சுற்றிலும் டிரைவர்கள். பாய் சொன்னார்: "மேடையோட நம்பர எவனோ போட்டுக்கினு இருக்கான்."

"எவன்டா அவன்" என்று ஒருவர். "கைய ஒடைக்கணும்" என்று இன்னொருவர். நானும் இரண்டு வார்த்தை திட்டினேன். எல்லோரையும்விடச் சத்தமாக.

பாய் மேடைப் பெட்டியின் வயரைப் பிடுங்கினார். போனில் ஏதோ தட்டினார்.

"பாருங்க. பெட்டி செத்துக் கெடக்குது. ஆனா அதே நம்பர்ல இருந்து பதில் வருது. 26. மேல மலையில இருந்து."

மலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணே."

"இன்னா பாய்?"

"உங்களுக்கு இன்னா நம்பர் அனுப்பினேன்?"

அவரைத் தனியே வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போய்ச் சொன்னேன். ஜோசியர், எட்டு, ஒன்பது எல்லாம். பாய் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

"அந்த ஜோசியர்கிட்ட நெட் உடறதுக்கு லைசென்சு இருக்கா?"

"கிண்டல் பண்ணாத பாய்."

"பின்ன இன்னாண்ணே? ஒரு டவருக்கு இவ்ளோ நம்பர்னு எனக்கு மேல இருந்து குடுத்துருக்காங்க. ஒவ்வொன்னும் ஒரு வூட்டுக்கு. உங்களுக்கு 25, மேடைக்கு 26. ரெண்டு பேரும் 26னு கூவினா டவர் யாருக்குன்னு அனுப்பும்? கடைசியா யார் கூவினாங்களோ அவங்களுக்கு அனுப்பும். அணைச்சுப் போட்டீங்களே, அது கூவறது. உங்க பாப்பாவுக்கு வர்ற பில்லு மேடைக்குப் போவும், மேடையோட ரசீது பாப்பா வூட்டுக்குப் போவும். ரெண்டும் வழியிலயே சாவும்."

திங்களன்று கோவிந்தனைப் பெட்டியை அணைத்துப் போடச் சொன்னது நான். பூங்கொடியைப் போடச் சொன்னதும் நான். என் மரவள்ளி அந்த வரிசையில் வெயிலில் நின்றதற்குக் காரணம் டவர் சாய்ந்தது அல்ல.

"சரி, வேற நம்பர் ஒன்னு குடு. எட்டு வராததா."

"ஸ்டாக்கு இல்ல. அடுத்த கட்டு வாங்க பொங்கல் தாண்டிடும். 25 ஒன்னுதான் உங்களுக்கு. இன்னிக்கே மாத்துங்க. கம்பெனிக்கு நான் எழுதித் தர்றேன், லைன் சைடுல கொழப்பம், அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லன்னு. ஒரு நாள் ஜாஸ்தி கேப்போம்."

நல்ல மனுஷர். டிரைவர்களிடம் என் பெயரையும் சொல்லவில்லை. "சரியாயிடும், கெளம்புங்க" என்று மட்டும் சொன்னார்.

மாலை அக்காவிடம் சொன்னேன், 25 தான் போடணுமாம். அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"ரிஷிவந்தியத்துக்காரர் வேணாம்னு சொன்னாரு. நீதானே சொன்ன? இப்ப நீயே எட்டப் போடுன்ற. எம்புள்ளைக்கு ஒன்னு ஆனா யாரு வருவா?"

பூங்கொடி சொல்லிப் பார்த்தாள். அது வெறும் எண், கம்ப்யூட்டர் கூட்டிப் பார்க்காது என்றாள்.

"லாரியும் கூட்டிப் பாக்கலடி. கவுந்துது இல்ல?"

கம்பெனி ஒரு நாள் கொடுத்திருக்கிறது. வெள்ளி காலைக்குள் ஒழுங்காக வர வேண்டும்.

பேச்சு நடக்கும்போது குழந்தை என் மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அதற்கு என்ன தெரியும்.


மார்கழி 10, வியாழன்

விடியுமுன் கிளம்பினேன். ரிஷிவந்தியம். ஜோசியரிடமே கேட்டுவிட்டு வருகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு.

போனேன். தெருவில் கூட்டம். என்னைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டார், வந்த காரியம் தெரியும் என்றார். முழு எண்ணையும் எழுதச் சொன்னார். எழுதினேன். சிரித்தார். "வீட்டு எண்ணை மட்டும் கூட்டியிருக்கிறாயே, வாசல் எங்கே?" என்றார். கேட்வே! அதன் கடைசி எண் 1. வாசலைத் தாண்டாமல் யார் வெளியே போக முடியும்? எனவே வாசலையும் சேர்த்துத்தான் கூட்ட வேண்டும். பதினேழும் ஒன்றும் பதினெட்டு. ஒன்பது. 25 தான் பூங்கொடிக்கு ராசி. கூடவே 26 மேடைக்காரருக்குத்தான் ராசி என்றும் சொன்னார். மேடை விஷயம் அவருக்கு எப்படித் தெரியும்? அதுதான் ஆள்.

திரும்பி வந்து அப்படியே சொன்னேன். அக்கா மூன்று தடவை விரல்விட்டுக் கூட்டினாள்.

"அவரு வாயாலயே சொன்னாரா?"

"சவரம் பண்ணின மொகம் பளபளன்னு இருக்க, சிரிச்சுக்கினே சொன்னாரு."

"இன்னாய்யா" என்றாள் சின்னப்பொண்ணு. "நெஞ்சு வரைக்கும் தாடின்னு போன வாரம் சொன்னியே?"

"மார்கழி. வேண்டுதல். மழிச்சிட்டாரு."

சின்னப்பொண்ணு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அக்கா ஒப்புக்கொண்டாள். "வாசலச் சேத்தா ஒம்போது. அது நாயமாத்தான் இருக்குது" என்றாள். கற்பூரம் ஏற்றிப் பெட்டிக்குக் காட்டினாள். பூங்கொடி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள், சிரிப்பா கோபமா தெரியவில்லை.

எண்ணை மாற்ற உட்கார்ந்தோம். நான் போனை எடுத்தேன். பூங்கொடி வாங்கிக்கொண்டாள்.

"நான் படிக்கறேன் மாமா. நீங்க அடிங்க. ரெண்டு, சைபர், மூணு. புள்ளி. சைபர். புள்ளி. ஒன்னு, ஒன்னு, மூணு. புள்ளி. ரெண்டு. அஞ்சு."

"தெரியுது."

"அஞ்சு மாமா."

"அஞ்சுதான்."

விசைகள் மட்டும் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும். அடித்தேன். அவளும் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பச்சை விளக்கு. எண் காட்டும் பக்கம், 25. பாய்க்குப் போன் செய்தோம். மேடையில் கோவிந்தன் சத்தம் போனில் கேட்டது: "வந்துச்சு பாய், நிக்குது!" கொஞ்ச நேரம் எல்லோரும் அப்படியே காத்திருந்தோம். எங்களுடையதும் நின்றது. அங்கேயும் இங்கேயும் ஒரே நேரத்தில்.


மார்கழி 11, வெள்ளி

பனி. மலைப்பாதையில் காட்டெருமை என்று பேச்சு. நான் பார்த்தேன். மூன்று.

கம்பெனி காலையிலேயே 25க்குக் கதவைத் திறந்தது. பாய் எழுதிக் கொடுத்தது வேலை செய்திருக்கிறது. பூங்கொடி உட்கார்ந்தவள் மதியச் சோற்றுக்குத்தான் எழுந்தாள். ஒரு தடவைகூடப் போகவில்லை. அக்கா ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் பெட்டியைப் பார்த்து விரலை மடக்கினாள், பதினெட்டு சரியா என்று.

மேடையில் என் சுமை வரிசையே இல்லாமல் ஏறியது. கோவிந்தன் டீ. "டவர் நிமிந்துடுச்சா அண்ணே?" என்றார். நிமிர்ந்துவிட்டது என்றேன்.

உப்பு வாங்கியாயிற்று.


மார்கழி 12, சனி

வெயில். எலுமிச்சைச் செடிக்குத் தண்ணீர். பிக்கப் கண்ணாடி துடைத்தேன்.

கம்பெனி மேடம் பூங்கொடியைக் கூப்பிட்டார். வீட்டிலிருந்தே தொடரலாம், சென்னைக்கு வர வேண்டாம். பூங்கொடி போனை வைத்துவிட்டுக் குழந்தையை மடியில் போட்டுப் பால் கொடுத்தாள். அக்கா வேப்பெண்ணெய்ப் புட்டியை எடுத்து மேல் பரணில் வைத்தாள். மாட்டுக்கு ஆகும் என்றாள்.

ஊரில் நாலு பேர் என்னிடம் வந்தார்கள். கேட்வேயைச் சேர்த்துக் கூட்டணுமா, போன் நம்பருக்கும் அப்படித்தானா என்று. சொல்லிக்கொடுத்தேன்.

சாயங்காலம் போனை எடுத்தால் எழுத்தெல்லாம் பெரிசு பெரிசாக. ஒரு பக்கத்துக்கு நாலு வரி. யார் மாற்றினார்கள்? பூங்கொடியைக் கேட்டேன்.

"குழந்த அமுக்கியிருக்கும் மாமா."

பதினோரு மாதக் குழந்தை செட்டிங்ஸ் வரைக்கும் போகுமா? போகட்டும். அப்படியே விட்டுவிட்டேன். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. பாய் போன வெள்ளி அனுப்பியதைத் தேடி எடுத்துப் பார்த்தேன். பளிச்சென்று தெரிந்தது.

நாளை ஞாயிறு. க.குறிச்சிக் கண் முகாம். சின்னப்பொண்ணுவுக்குத் துணையாகப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சரி என்றாள். பிக்கப் வேண்டாம், பஸ்ஸில் போகலாம் என்றாள். கண்ணில் மருந்து விடுவார்களாம், வரும்போது ஓட்ட முடியாதாம். யார் கண்ணில் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

யாரும் படிக்காத நோட்டு இது. இதிலும் அந்த ஜோசியர் கதையை எழுதிவிட்டேன், அதனால் இதிலேயே அடித்துவிடுகிறேன். ரிஷிவந்தியத்தில் எனக்கு எந்த ஜோசியரையும் தெரியாது. தாடி வைத்தவரும் இல்லை, மழித்தவரும் இல்லை. வியாழன் அன்று பாதி வழியில் தியாகதுருகத்தில் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். எட்டு வருகிறது என்பதுகூட அந்தச் சனிக்கிழமை அவர்கள் மூவரும் என்னைப் பார்த்து நின்றபோதுதான் கூட்டிப் பார்த்தேன். பாய் அனுப்பியது 25. அதை நான் 26 என்று படித்தேன்.